கரை மறுக்கப்பட்ட குடும்பங்கள்

நெய்தல் நிலத்து வாழ்வைப் பாடிய நம் பழம்புலவர்கள் காட்டும் பரதவர், கடல்மேற் சென்று மீன்படுத்துக் கரைக்கு மீள்பவர்கள். மீள்வதற்கு அவர்களுக்கு ஒரு கரை இருந்தது. புன்னை நிழலும் மீனுணக்கும் மணற்பரப்பும் அவர்களுடையனவாக இருந்தன. மனைவியும் மக்களும் அங்கே காத்திருந்தனர். கடலோடியின் வாழ்வு என்றதும் நம் மனத்தில் எழும் சித்திரம் இன்றும் இதுவே: ஆண் கடலில், குடும்பம் கரையில். ஆனால் குடும்பம் முழுவதுமே கடலில் இருந்தால்? மகப்பேறும் மணவினையும் நோயும் சாவும் ஒரு பாய் வள்ளத்தின் பலகைகளின் மேலேயே நிகழ்ந்தால்? தென்சீனக் கரையோரத்தில் பல்லாயிரம் குடும்பங்கள் பல நூற்றாண்டுகளாக இவ்வாறுதான் வாழ்ந்தன.

இக்காலத்திலே வசதி படைத்த சில குடும்பங்கள் சின்னஞ்சிறு குழந்தைகளுடன் பாய்க்கப்பலேறி உலகைச் சுற்றி வருகின்றன. அவர்தம் துணிவையும், அக்குழந்தைகள் இயற்கையோடு இயைந்து வளரும் அழகையும் பத்திரிகைகள் வியந்து எழுதுகின்றன. அவ்வியப்பில் தவறில்லை. ஆயினும் அக்குடும்பங்கள் தாம் விரும்பிய நாளிற் கரையேறலாம் என்பதை நாம் மறந்துவிடலாகாது. கரையை விட்டுச் செல்லும் சுதந்திரமும் கரையே இல்லாத நிலையும் ஒன்றல்ல. பின்னையதைப் பற்றியதே இக்கட்டுரை.

முத்தாற்றுக் கழிமுகத்திலும் குவாங்டுங், புஜியன் மாகாணக் கரையோரங்களிலும் ஹொங்கொங், மக்காவு துறைமுகங்களிலும் வள்ளங்களையே வீடாகக் கொண்டு வாழ்ந்த இம்மக்களை நிலத்தவர் ‘தான்கா’ என்று அழைத்தனர். அது ஓர் இழிபெயர். அவர்கள் தம்மை ‘நீர்மேல் வாழ்வோர்’ என்றே குறித்துக்கொண்டனர். மீன்பிடித்தல், முத்துக்குளித்தல், சிப்பி எடுத்தல், உப்பும் நெல்லும் ஏற்றிச் செல்லல், ஆறு கடத்தல் முதலியன அவர்தம் தொழில்கள்.

இம்மக்களின் குடும்ப வாழ்க்கையைப் பற்றிய பழைய, தெளிவான வருணனையொன்று 1178ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சொங் ஆட்சிக் காலத்தில் தென்மேற்குச் சீனத்தில் அதிகாரியாகப் பணியாற்றிய சௌ சூஃபெய் என்பவர், தாம் கண்டவற்றை ‘லிங்வாய் தைதா’ என்ற நூலிலே தொகுத்தார். அதில் நீர்மேல் வாழ்வோருக்கும் ஒரு பகுதி ஒதுக்கினார். மிகவும் வறியவர்களான அவர்கள் கந்தலை உடுத்தவர்கள் என்றும், ஒரு கைப்பிடி அரிசி கிடைத்தால் மனைவி மக்களுடன் பகிர்ந்துண்டனர் என்றும், தாழ்ந்த கூரையொன்றின் கீழே கணவனும் மனைவியும் பிள்ளைகள் பலருடன் வாழ்ந்தனர் என்றும் அவர் எழுதுகிறார். கைக்குழந்தையைத் தாய் மெல்லிய துணியால் முதுகிலே கட்டிக்கொண்டு தடையின்றித் துடுப்பு வலிக்கிறாள். குழந்தை தவழத் தொடங்கியதும் அதன் இடுப்பில் நீண்ட கயிறு ஒன்று கட்டப்படுகிறது. கயிற்றின் நுனியில் ஒரு சிறு கட்டை. குழந்தை நீரில் வீழ்ந்தால் கயிற்றைப் பற்றி இழுத்து மீட்கிறார்கள். நடை பழகும் பிள்ளை கூரையின் முகட்டிலே அச்சமின்றி நடக்கிறது. நடக்கத் தெரிந்தபோது நீந்தவும் தெரிந்துவிடுகிறது. வள்ளம் கரை தட்டும்போது, குளிரிலும் வெயிலிலும் ஆடையின்றி மணலிற் கூடி விளையாடும் அக்குழந்தைகள் அவர் கண்ணுக்கு நீர்நாய்களைப் போலத் தோன்றினர்.

கயிற்றையும் கட்டையையும் தவறாமற் கண்ட கண், குழந்தைகளைக் காணும்போது மட்டும் விலங்கைக் கண்டது. இது தனியொருவரின் குறையன்று. ஆளும் வர்க்கத்தின் எழுத்து உழைக்கும் மக்களைக் கூர்ந்து நோக்கும். ஆயின் அவர்கள் ஏன் அவ்வாறு வாழ்கின்றனர் என்று கேளாது. கேளாத வினாவுக்கு விடையாகப் பிறப்பையும் இரத்தத்தையும் காட்டும். நீர்மேல் வாழ்வோர் சீனரல்லாத காட்டுக்குடிகளின் வழிவந்தோர் என்றும், பண்டு தோற்றோடிய கலகக்காரரின் சந்ததியினர் என்றும் கதைகள் வழங்கின. அவர்களுக்குக் காலில் ஆறு விரல்கள் உண்டென்றுகூட நிலத்தவர் நம்பினர். ஒரு சாராரைத் தாழ்ந்தோர் என ஒதுக்குவதற்கு அவர்தம் உடலிலேயே அடையாளம் தேடும் வழக்கம் நம்மவர்க்குப் புதிய செய்தியாக இராது.

இருபதாம் நூற்றாண்டின் ஆராய்ச்சி இக்கதைகளின் அடிப்படையைத் தகர்த்தது. சமூகவியலாளர் சென் சூசிங், இம்மக்களைப் பற்றிய விரிவான நூலொன்றை 1946இல் வெளியிட்டார். 1950 முதல் ஹொங்கொங்கின் கௌ சாய் என்ற மீனவர் குடியிருப்பில் ஆய்வு செய்த பிரித்தானிய மானிடவியலாளர் பார்பரா வார்ட், அவர்கள் பேசுவது கன்ரனிய மொழியே என்பதையும், வழிபாட்டிலும் குடும்ப ஒழுங்கிலும் அவர்கள் தம்மைச் சீனராகவே கருதினர் என்பதையும் எடுத்துக் காட்டினார். பின்னர் ஹெலன் சியு, லியு ஜிவெய் முதலிய ஆய்வாளர்கள் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். முத்தாற்றுக் கழிமுகத்திலே ‘நிலத்தவர்’, ‘நீரவர்’ என்ற பிரிவு குடியமர்வு உரிமையோடும் நிலவுடைமையோடும் பிணைந்தே வளர்ந்தது என்பதை அவர்தம் ஆய்வுகள் புலப்படுத்தின.

இதனைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஆறு கொண்டுவந்து சேர்க்கும் வண்டல், கழிமுகத்தில் ஆண்டுதோறும் புதிய மணற்றிடர்களை உருவாக்கும். மிங், சிங் ஆட்சிக் காலங்களில் மேட்டுநிலப் பெருங்குலங்கள் அத்திடர்களை அணைகட்டி வயலாக்கின. அணைகட்டவும் சேற்றிலே நெல் விதைக்கவும் கை வேண்டியிருந்தது. அக்கைகளுட் பல நீரவருடையவை. ஆயினும் வயலின் உரிமை குலத்தின் பொதுச்சொத்தாகவே இருந்தது. உழைத்தவர்கள் வரப்போரத்தில் வள்ளத்திலோ வைக்கோற் குடிலிலோ தங்கலாம். செங்கல் வீடு எழுப்பலாகாது. வீடு எழுப்பினால் ஊரில் உரித்துண்டு. உரித்து வந்தால் நாளை நிலத்துக்கும் உரிமை கேட்கக்கூடும். ஆகவே அவர்கள் என்றென்றும் ‘வந்தேறிகளாகவே’ வைக்கப்பட்டனர். பொருள் சேர்த்துக் குலப்பெயரும் கோவிலும் அமைத்து நிலத்தவராக மாறிவிட்ட குடும்பங்களும் இருந்தன. அவ்வாறு மாறியவர்கள் தம் பழைய அடையாளத்தை மறைத்தனர். பிறப்பாலேயே வேறானவர்கள் எனின், இந்த மாற்றம் எவ்வாறு இயலும்?

வள்ளத்தில் வாழ்ந்தோர் மீது சுமத்தப்பட்ட தடைகள் பல. கரையில் நடக்கையிற் காலணி அணியலாகாது, பட்டு உடுத்தலாகாது, நிலத்தவரோடு மணவுறவு கூடாது. அரசாங்கப் பதவிக்கு வழியாயிருந்த தேர்வுகளுக்கு அமர முடியாது. ஆனால் வரிமட்டும் தவறவில்லை. மிங் ஆட்சியின் தொடக்கந்தொட்டே அவர்கள் ஆற்றுத் துறை அலுவலகங்களிற் பதியப்பட்டு மீன்வரி செலுத்தி வந்தனர். அரசுக்கு வேண்டியபோது கடற்படைக்கும் ஆட்களாகச் சேர்க்கப்பட்டனர். வரிக்கும் போருக்கும் குடிமக்கள். வீட்டுக்கும் கல்விக்கும் அந்நியர்.

1729இல் யொங்செங் பேரரசர் பிறப்பித்த ஆணை இவ்வரலாற்றில் முக்கியமானது. நீர்மேல் வாழ்வோரும் நற்குடிகளே என்றும், வரி செலுத்தும் அவர்களை இழிவாக நடத்தக் காரணமில்லை என்றும், வசதியுள்ளோர் கரையோர ஊர்களில் வீடுகட்டிக் குடிப்பதிவு பெறலாம் என்றும், உள்ளூர்ச் செல்வாக்குடையோர் அவர்களைத் துன்புறுத்தலாகாது என்றும் அவ்வாணை கூறிற்று. அக்காலத்தை நோக்க இது சிறிய செயலன்று. ஆனால் ‘வசதியுள்ளோர்’ என்ற நிபந்தனையைக் கவனித்தல் வேண்டும். வீடுகட்டும் அனுமதி அளிக்கப்பட்டது. கட்டுவதற்கு நிலம் அளிக்கப்படவில்லை. நிலம் முன்போலவே குலங்களின் கையில் இருந்தது. வசதியற்றோர் வள்ளத்திலேயே இருந்துகொள்ளலாம் என்பதும் ஆணையின் ஒரு பகுதி. வள்ளத்தில் வாழ்ந்தோருட் பெரும்பாலோர் வசதியற்றோரே. மேலும், 1771ஆம் ஆண்டின் விதியொன்று, இத்தகைய குடிகள் தம் பழைய நிலையிலிருந்து நீங்கிப் பதிவுசெய்துகொண்ட பின்னரும், நான்காம் தலைமுறையே தேர்வுக்கு உரித்துடையது என வரையறுத்தது. சட்டத்தில் திறக்கப்பட்ட கதவு வாழ்க்கையில் மூடியே இருந்தது. நிலமின்றி வழங்கப்படும் சமத்துவம் எத்துணை வலுவற்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி, அந்த வள்ளத்தினுள்ளே நோக்குவோம். அது வீடு மட்டுமன்று, தொழிற்சாலையும் அதுவே. மூங்கிற் சட்டங்கள் குறுக்காகத் தைக்கப்பட்ட பாய்கள், கிழங்குச் சாற்றிலோ மரப்பட்டைச் சாற்றிலோ தோய்க்கப்பட்டுப் பழுப்பேறி நிற்கும். வள்ளத்தின் பின்புறத்தே உறங்குமிடமும் அடுப்பும் முன்னோர் வழிபாட்டு மாடமும் அமைந்திருக்கும். நடுவே மீன் அறை, அதன்மேல் வலை. அடிப்பலகையிற் கிளிஞ்சலும் புழுவும் பற்றாதிருக்க, வள்ளத்தை அடிக்கடி கரையில் ஏற்றி உலர்புல் கொளுத்தி வாட்டுதல் வேண்டும். இதற்கும், குடிநீர் முகந்து வருவதற்கும், வலை உலர்த்துவதற்கும், இறந்தோரைப் புதைப்பதற்கும் கரை தேவைப்பட்டது. கரை பிறருடையது. நீர்மேல் வாழ்ந்தாலும் நிலத்தின்மேற் சார்ந்திருந்த இந்நிலையே அவர்களை அடக்கியாளும் கருவியாயிற்று.

பாய்க்கப்பலில் ஏற்றவும் இறக்கவும் இழுக்கவும் பல கைகள் வேண்டும். கூலிக்கு ஆள் வைக்கப் பொருளில்லாதபோது குடும்பமே கூலியில்லாத தொழிலாளர் கூட்டமாகிறது. தந்தை வலையை நோக்க, தாய் சுக்கான் பிடிப்பாள். பாட்டி அடுப்பையும் குழந்தையையும் கவனிப்பாள். எட்டு வயதுப் பிள்ளை தூண்டிலுக்கு இரை கோத்துக் கொடுக்கும். மகனுக்கு மணமுடித்தால் மருமகள் வள்ளத்துக்கு ஒரு புதிய கை. சீனக் குடும்பத்தின் இயல்பான பெரும் பாசத்தினால் அவர்கள் ஒரே வள்ளத்தில் நெருங்கி வாழ்ந்தனர் என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. பாசமும் இருந்தது, உற்பத்தியின் தேவையும் இருந்தது. பின்னையதே குடும்பத்தின் அமைப்பைத் தீர்மானித்தது.

இவ்வாழ்க்கை முழுவதும் இருளே என்றும் நாம் எண்ணலாகாது. நிலத்துச் செல்வக் குடும்பங்கள் தம் பெண்மக்களின் பாதங்களைக் கட்டி முடமாக்கிய காலத்தில், நீரவப் பெண்கள் கட்டாத காலோடு துடுப்பு வலித்தனர். சம்பான் ஓட்டி வருவாய் ஈட்டிய பெண்கள் பலர். உழைப்பிற் பங்கு கொண்டதனால் வள்ளத்திலே அவர்களுக்கு ஒரு குரலும் இருந்தது. உவர்நீர்ப் பாடல்கள் எனப்படும் அவர்தம் நாட்டுப்பாடல்கள் வள்ளத்துக்கு வள்ளம் வினாவும் விடையுமாகத் தாவிச் சென்றன. காற்றின் திசை, நீரோட்டம், மீன்கூட்டத்தின் போக்கு, பாறையின் மறைவிடம் ஆகியவற்றை ஏட்டின் துணையின்றி அடுத்த தலைமுறைக்குக் கற்பித்த ஆசிரியர்கள் அத்தாய் தந்தையரே. எனினும் கடலைப் படிக்கத் தெரிந்த பிள்ளை கணக்குச் சீட்டைப் படிக்கத் தெரியாதிருந்தது. இதில் நலம் கண்டவர்கள் வேறு சிலர்.

அவர்கள் மீன் மொத்த வியாபாரிகள். வலைக்கும் பாய்க்கும் அரிசிக்கும் அவர்கள் கடன் கொடுத்தனர். கடன்பட்டவன் தன் மீனை அவ்வியாபாரிக்கே விற்றல் வேண்டும். விலையையும் நிறையையும் வட்டியையும் அவரே கணித்தார். எழுதப்படிக்கத் தெரியாத மீனவன் அக்கணக்கை எவ்வாறு மறுப்பான்? தந்தையின் கடன் வள்ளத்தோடு சேர்ந்து மகனுக்கு வந்தது. குழந்தையின் இடுப்பிற் கட்டிய கயிறு கண்ணுக்குத் தெரிந்தது. குடும்பத்தின் கழுத்திற் கட்டிய இக்கயிறு தெரியவில்லை.

கடலும் இரங்கவில்லை. 1906 செப்டெம்பர் 18ஆம் திகதி ஹொங்கொங்கைத் தாக்கிய சூறாவளியில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மாண்டனர் என மதிப்பிடப்பட்டது. அவர்களுட் பெருந்தொகையினர் வள்ளங்களில் வாழ்ந்தோர். சில மணி நேரத்துள் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு அழிந்தன. காற்று அனைவர்க்கும் பொதுவாக வீசிற்று. கல் வீட்டில் இருந்தோருக்கும் பலகையின் மேல் இருந்தோருக்கும் அது ஒன்றாக இருக்கவில்லை. இப்பேரழிவின் பின்னரே யௌ மா தேய் என்னுமிடத்தில் அலைதடுப்புச் சுவருடன் கூடிய பெரிய புயல் ஒதுக்கிடம் அமைக்கப்பட்டு 1915இல் நிறைவுற்றது. காலப்போக்கில் அவ்வொதுக்கிடமே ஆயிரக்கணக்கான வள்ளங்கள் அடைந்து கிடந்த மிதக்கும் சேரியாயிற்று.

இரண்டாம் உலகப் போரின் பின்னரே நிலைமை விரைந்து மாறியது. ஹொங்கொங்கில் 1945இன் பின் அரசாங்கச் சார்பில் அமைக்கப்பட்ட மீன் விற்பனவுத் தாபனம் மொத்தச் சந்தைகளை நடத்தியது. குறைந்த வட்டிக்குக் கடன் வழங்கியது. மீனவர் பிள்ளைகளுக்குப் பாடசாலைகளையும் நிறுவியது. வியாபாரியின் பிடி தளர்ந்தது. குடியேற்ற ஆட்சியின் கருணை என்று மட்டும் இதனைக் கொள்ளவேண்டியதில்லை. போரால் வறண்டிருந்த நகருக்கு மீன் ஒழுங்காக வந்து சேர வேண்டியிருந்தது. பாய்க்குப் பதிலாக இயந்திரம் வந்தது. இயந்திர வள்ளத்துக்குக் குறைந்த ஆட்களே போதும். ஆகவே முதியோரும் பெண்களும் குழந்தைகளும் கரையில் தங்கத் தொடங்கினர். வீடும் தொழிற்களமும் முதன்முறையாகப் பிரிந்தன. பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, தந்தையின் விற்பனைச் சீட்டை வாசித்துச் சொல்லும் காலம் வந்தது. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஹொங்கொங்கின் நீர்மேற் குடிகள் ஒன்றேகால் இலட்சத்துக்கும் மேற்பட்டோர். 1971இல் அத்தொகை எண்பதினாயிரம் அளவுக்குக் குறைந்தது.

சீனப் பெருநிலப்பரப்பிலே 1949இன் புரட்சி பழைய இழிபெயரை விலக்கியது. 1950களில் நடைபெற்ற இன ஆய்வு இம்மக்களை ஹான் சீனரின் ஒரு பகுதியினராகவே கொண்டது. நிலப்பிரபுக் குலங்களின் அதிகாரம் உடைந்தது. கன்ரன் நகரில் 1950களிலும் 1960களிலும் அவர்களுக்கெனக் கரையிலே குடியிருப்புகள் கட்டப்பட்டன. இருநூறு ஆண்டுகளுக்கு முன் பேரரசரின் ஆணை செய்ய இயலாததை, நிலவுறவில் ஏற்பட்ட மாற்றம் செய்தது. ஆயினும் உண்மையை முழுவதும் கூறுதல் வேண்டும். வள்ளங்கள் கூட்டுறவுகளுக்கும் பின்னர் கொம்யூன்களுக்கும் உரியவாயின. எங்கே வாழ்வது, எங்கே செல்வது என்பதைக் குடிப்பதிவு முறை தீர்மானித்தது. கரை கிடைத்தபோது, கடல்மேல் திரிந்த பழைய சுதந்திரமும் கட்டுக்குள் வந்தது.

இயந்திரம் வந்தமையால் அனைவரும் உயர்ந்துவிட்டனர் என்றும் கூறவியலாது. இயந்திரம் வாங்க முடியாதோரின் வள்ளங்கள் யௌ மா தேய் ஒதுக்கிடத்திலே உக்கிக் கிடந்தன. அவை மீன்பிடிக்கவில்லை, பாயும் இல்லை, வீடாக மட்டும் எஞ்சின. 1979 ஜனவரியில் அங்கிருந்த குடும்பங்கள் கரையில் வீடு வேண்டுமென ஆளுநரிடம் மனுக் கொடுக்கப் பேருந்துகளிற் புறப்பட்டன. பொலிசார் வழிமறித்து அவர்களையும், அவர்களுக்குத் துணையாகச் சென்ற ஆதரவாளர்களையும் கைதுசெய்தனர். சட்டவிரோதமாகக் கூடினர் என்பது குற்றச்சாட்டு. அக்காலத்திலே பெருநிலப்பரப்பிலிருந்து மணமுடித்து வந்த வள்ளத்துப் பெண்கள் பலருக்குக் கரையில் வாழும் உரிமை வழங்கப்படவில்லை. நீரிலிருந்தால் அரசு பாராமுகமாக இருந்தது. கரையேறினாற் கைதாகும் அபாயம். காலணி அணியாது நடக்கவேண்டும் என்ற பழைய கட்டளையும், கால் வைத்தாலே குற்றம் என்ற புதிய சட்டமும் ஒரே மரபின் இரு வடிவங்கள் என்பதை வரலாற்று மாணவர்கள் எளிதில் உணர்வர். எனினும் அக்கைது அம்மக்களின் குரலை நகர் முழுவதும் கேட்கச் செய்தது.

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் சௌ சூஃபெய் கண்ட கயிறு இருபதாம் நூற்றாண்டிலும் அவ்வண்ணமே இருந்தது. ஹொங்கொங் துறைமுகத்தில் இடுப்பிற் கயிறும் முதுகில் மரமிதவையும் கட்டிய குழந்தைகளை அண்மைக் காலம் வரை பயணிகள் கண்டு படம் பிடித்தனர். அரச வமிசங்கள் மாறின, கொடிகள் மாறின, கயிறு மாறவில்லை. அதனைக் கட்டியது தாயின் அன்பு. அதனைக் கட்டவேண்டிய நிலையை உண்டாக்கியது சமுதாயம். இவ்விரண்டையும் பிரித்தறியாதவர்கள் அன்பை வியந்து பாடிவிட்டு நிலைமையை மறந்துவிடுவர். அல்லது நிலைமையைக் காட்டி அம்மக்களையே பழிப்பர்.

அக்கயிற்றை அவிழ்த்தவை மூன்று: நியாயமான விலையும், காலூன்ற ஒரு துண்டுக் கரையும், பிள்ளைக்கு ஒரு பள்ளியும். பேரரசரின் நல்லெண்ணமோ கவிஞரின் இரக்கமோ தனித்து நின்று அதனை அவிழ்க்கவில்லை. தோட்ட லயத்திலும் கடற்கரை வாடியிலும் இருந்து வரும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நாம், ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாற்றைக் கற்பிக்கையில் அவர்தம் ‘விசித்திர வழக்கங்களை’ப் பட்டியலிடுவதோடு நின்றுவிடல் ஆகாது. அவ்வழக்கம் எந்தத் தடையிலிருந்து பிறந்தது, அத்தடையால் நயமடைந்தவர் யார் என்ற இரு வினாக்களையும் மாணவர் கேட்கப் பழகுதல் வேண்டும். நீர்நாயைக் கண்ட கண்ணுக்கும் குழந்தையைக் காணும் கண்ணுக்கும் உள்ள வேறுபாடு அவ்வினாக்களிலேயே இருக்கிறது.